மிளகுச் சாராயமும் வெள்ளை மாத்திரையும்

முதலில் எரிச்சல்தான் வந்தது. இடது மார்புக்குக் கீழே, ரவிக்கை இறுக்கும் இடத்தில், யாரோ தணல் துண்டை வைத்து எடுத்த மாதிரி இருந்தது. பூச்சி கடித்திருக்கும் என்று சுண்ணாம்பு தடவினேன். மூன்றாம் நாள் கொப்புளம் கிளம்பியது. மார்புக்குக் கீழே தொடங்கி, விலா வழியாக முதுகெலும்பு வரைக்கும், அரை ஒட்டியாணம் போல ஒரு பக்கமாக மட்டும் ஓடியது.

அது அக்கி (நரம்பு ஓடும் பாதையிலேயே கொப்புளம் கிளப்பும் நோய், சின்ன வயதில் அம்மை கண்ட உடம்பில் பல வருடம் கழித்தும் வரும் என்று பிறகு டாக்டர் சொன்னார்). இதே நோய் வந்து, கொப்புளம் ஆறிய பிறகும் வலி ஆறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்புக் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அதைவிட மெதுவாக எழுதுவேன். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பிழை திருத்தித் தந்தார். ஒரு இடத்தில் என் மானத்தை எண்ணி ஒரு பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுக்க வேண்டாம் என்றேன். அந்தப் பத்திக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் அறைதான் பிள்ளைக்காம்பரா. முப்பது வருடம் நானும் கூடை சுமந்தவள். கால் ஓய்ந்த பிறகு இந்த வேலையைக் கொடுத்தார்கள். என் கையில் வளர்ந்த பிள்ளைகள் இன்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து நிற்கிறார்கள்.

என் புருஷன் கசிப்புக் குடித்துச் செத்தான். திருட்டுத்தனமாகக் காய்ச்சிய அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கழிவுநீர் ஓடும் கானுக்குள் விழுந்து கிடந்தவனை நானும் என் மகனும்தான் தூக்கி வந்தோம். ஒரு சொட்டுக் கண்ணீர் நான் விடவில்லை. குடிகாரனை நான் மனுஷரில் சேர்த்ததில்லை. குடித்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போக வந்த தகப்பன்மாரைப் பிள்ளைக்காம்பரா வாசலிலேயே விளக்குமாற்றால் விரட்டியிருக்கிறேன். கணக்கப்பிள்ளை ஒருவரும் அதில் அடக்கம்.

கொப்புளத்துக்கு எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். கேட்காமலே சொன்னார்கள். ஒருத்தி ஊமத்தை இலை என்றாள், ஒருத்தி கண்ணேறு என்றாள். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கிலிருந்து ஒருவர் வந்து செம்மண் குழைத்து என் முதுகில் சிங்கம் எழுதிவிட்டுப் போனார். அக்கிக்கு அப்படி எழுதுவது எங்கள் வழக்கம். எழுதியது சிங்கமா பூனையா என்று எனக்குத் தெரியாது, முதுகில் அல்லவா இருந்தது. தோட்டத்து மருந்துக்காரரோ காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கால்புண்ணுக்கும் ஒரே போத்தலைச் சாய்க்கிறவர். எனக்கும் அதையே சாய்த்தார்.

மூன்று கிழமையில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. வலி உதிரவில்லை. இதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். தோலில் ஒரு தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை, ஆனால் சேலைத் தலைப்பு உரசினால் சுடுதண்ணீர் ஊற்றியது போல உயிர் போகும். பிள்ளைகளை வலது பக்கம் மட்டும்தான் தூக்கினேன். ரவிக்கையைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"வயசாச்சில்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்றார் மருந்துக்காரர்.

"வயசு வலது பக்கத்துக்கு ஆகலியாங்க?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. கோபத்திலாவது ஒரு துண்டுச் சீட்டு எழுதி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

டவுன் டாக்டர் யாழ்ப்பாணத்துப் பையன். என் மகனைவிட இளையவர். ஆனால் தழும்பைத் தொடாமலே, "உடுப்புப் பட்டாலே எரியுதோ?" என்று கேட்டார். தோட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. அந்த ஒன்றுக்காக அவரை மதித்தேன்.

நரம்பு வலி (காயம் ஆறின பிறகும் நரம்பு தானாகவே வலியை அனுப்பிக்கொண்டிருப்பது) என்றார். நரம்பை அடக்கும் வெள்ளை மாத்திரை தருவதாகச் சொன்னார், காலை ஒன்று, சாயந்தரம் ஒன்று. எழுதுவதற்கு முன் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அம்மா, நீங்கள் குடிக்கிறனீங்களோ? சாராயம், கள்ளு, ஏதும்?"

"யாரப் பாத்து என்னாங்க கேக்குறீங்க?" என்றேன். "குடிகாரனுக்கு வாக்கப்பட்டேன். அதுக்காக நானும் குடிக்கணுமா?"

"கோவிக்காதேங்கோ. எல்லாரிட்டையும் கேக்கிறதுதான்."

"எல்லாரும் நானும் ஒண்ணு இல்லீங்க."

வாத்தியார் எடுக்கச் சொன்ன பத்தி இதுதான். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில், மழையில் நனைந்து மலையிலிருந்து இறங்கும் பெண்களுக்கு மிளகுச் சாராயம் உண்டு. மிளகைத் தட்டிச் சாராயப் போத்தலில் ஊறப்போட்டு, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருப்போம். பிள்ளை பெற்றவளுக்கு முதல் நாளே ஊற்றுவோம். தவறணை என்கிற சாராயக் கடைக்குப் போய் வாங்கி வருவது ஆண்கள். போத்தலை முந்தானையில் மறைத்து உள்ளே கொண்டுபோவது நாங்கள். அவர்கள் விழுங்கினால் அதற்குப் பெயர் குடி. நாங்கள் விழுங்கினால் அதற்குப் பெயர் மருந்து. என் மூத்த மகன் பிறந்த நாளிலிருந்து, மழை மாதங்களில், சாயந்தரம் சின்னத் தம்ளரில் அரைத் தம்ளர் நான் விழுங்காத நாள் குறைவு.

டாக்டரின் கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. சாராயம் என்று பெயர் சொல்லித்தான் கேட்டார். போத்தல் அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆனால் ஆமாம் என்று சொன்னால் கானுக்குள் கிடந்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதனால் பொய் சொன்னேன். பொய்யை ரோஷத்தோடு சொன்னதால் அவர் நம்பினார்.

மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் தலைக் கிறுகிறுப்பு. வார்த்தை நாக்கில் தடுக்கியது. லயத்துப் படி இரண்டிரண்டாகத் தெரிந்து ஒரு தடவை விழுந்தேன். நோய்தான் முற்றுகிறது என்று நினைத்தேன். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மாத்திரையும் மிளகுச் சாராயமும் அடுத்தடுத்து உள்ளே போனால் வலி விலகிப் போய்த் தூரத்தில் நிற்கும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இடது பக்கம் சாய்ந்து தூங்கினேன். இரண்டு மருந்தும் கைகொடுக்கின்றன என்று என் மருமகள் செல்லாயியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப ரெண்டையும் விடாதீங்க அத்தே" என்றாள் அவள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

அந்த வருடம்தான் கப்பல் ஏறி இந்தியாவுக்கே போய்விடுவதா இங்கேயே கிடப்பதா என்று லயமெல்லாம் பேச்சாக இருந்தது. ஆடி மழை விடாமல் அடித்தது. ஒரு காலை குளிரில் விலா பிளந்துவிடும் போல வலித்தது. மாத்திரை போட்டேன். சாயந்தரம் விழுங்கும் அரைத் தம்ளருக்குப் பதிலாகக் காலையிலேயே ஒரு முழுத் தம்ளர் விழுங்கினேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தேன்.

அன்று பதினொரு பிள்ளைகள். எல்லாவற்றிலும் சின்னது பூமணியின் பெண் பிள்ளை, நாலு மாதம். பூமணி அதற்கு முன் இரண்டைப் பெற்ற கையோடு புதைத்தவள். இதையும் வாரிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் மலைக்குப் போகாமல் கிடந்தாள். நான்தான், "எங்கிட்ட குடுத்துட்டுப் போடி, என் மடிய விட்டுக் கீழ எறக்க மாட்டேன்" என்று சொல்லி வேலைக்கு அனுப்பினேன். சொன்னபடியே மடியில் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தேன்.

அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. இனி எழுதுவது பார்த்தவர்கள் சொன்னது.

பால் கொடுக்கும் நேரத்துக்குத் தாய்மார் இறங்கி வந்தபோது உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. நான் முன்பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தேன். வாயோரம் நுரை. எனக்கு அடியில் பூமணியின் பிள்ளை. அவள் என் தலைமுடியைப் பிடித்துப் புரட்டிவிட்டுப் பிள்ளையை உருவினாளாம். பிள்ளை நீலம் பாய்ந்திருந்தது. தலைகீழாகப் பிடித்து முதுகில் அடித்தாள். மூன்றாவது அடியில் அழுதது.

என் மூச்சு ஒன்றுக்கும் மறு மூச்சுக்கும் இடையில் ஒரு ஆள் அறைக்குள் வந்துவிட்டுப் போகலாம் போல இருந்ததாம். கொழுந்து லொறியில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டாம் நாள் கண் திறந்தேன். டாக்டர் கட்டிலோரம் நின்றார். என்மேல் சாராய வாசம் அடித்ததாக நர்ஸ் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு மறுபடியும் கேட்டார். நான் வாய் திறக்குமுன் செல்லாயி முந்திக்கொண்டாள்.

"குளிருக்கு நெஞ்சுல தேச்சு விட்டோமுங்க ஐயா. எங்க அத்தை வாயில வச்சதே கெடையாது. தோட்டம் முழுக்கக் கேட்டுப் பாருங்க."

தோட்டம் முழுக்கக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அப்ப இது வலிப்பாத்தான் இருக்க வேணும்" என்றார். மாத்திரையைக் கூட்டி, வலிப்புக்கு வேறொன்றும் சேர்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. வலிப்பு என்றால் யாரும் பழி சொல்ல முடியாது.

மறுநாள் செல்லாயி சோற்றுக் கூடை கொண்டுவந்தாள். சோற்றுக்கு அடியில் துணியில் சுற்றிய சின்னப் போத்தல். "ராவு குளிருமேன்னுதான்" என்று காதோடு சொன்னாள். அவளோடு பூமணியும் வந்திருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. என்னை ஏசுவாள் என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன். எனக்குத் தெரிந்த வேலை அது.

அவளோ என் காலைப் பிடித்துவிட்டாள்.

"வலிப்பு வந்தா யாரு என்னா பண்ண முடியும் ஆயா? நீங்க பொழைச்சு வருவீங்களோ மாட்டீங்களோன்னு எனக்குச் சோறு எறங்கல. நல்லாயி வாங்க. இந்தப் பயபுள்ளைய உங்க மடியில தவிர வேற எங்கயும் விடமாட்டேன்."

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதன் நெற்றியோரத்தில் என் ரவிக்கை ஊக்கு அழுத்திய தடம் இன்னும் சிவந்திருந்தது.

என் புருஷனை நான் வெறுத்தேன் என்று எழுதினேன். அவன் குடித்ததைக் குடித்தேன் என்று சொல்லுவான். ஊருக்கே கேட்கச் சொல்லுவான். அந்தக் கட்டிலில் கிடந்தபோது எனக்கு அவன்மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது. அது எவ்வளவு கேவலமான நிலை என்று படிக்கிறவர்கள் எண்ணிப் பாருங்கள்.

"செல்லாயி, அந்த டாக்டர் பையனக் கூப்பிடு" என்றேன்.

"எதுக்கு அத்தே?"

"கூப்பிடுடி."

அவர் வந்ததும் கூடைக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இத நான் குடிக்கிறேன். வருசக்கணக்கா குடிக்கிறேன். அன்னிக்குக் காலையில மாத்திரையோட குடிச்சுட்டுத்தான் புள்ளையத் தூக்குனேன். உங்ககிட்ட ரெண்டு தரம் பொய் சொன்னேன்."

செல்லாயி தலையில் அடித்துக்கொண்டாள். பூமணி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு, என் கைக்கு எட்டாத பக்கம், மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். வெளியே நடந்தாள்.

டாக்டருக்குக் கோபத்தில் காது சிவந்தது. "நான் நேற்று மாத்திரையைக் கூட்டி எழுதினனான். நீங்கள் வீட்டை போய் இதையும் குடிச்சிருந்தால் உங்களைப் பிணமாத்தான் இங்க கொண்டு வந்திருப்பினம். விளங்குதோ?"

பிறகு உட்கார்ந்து விளக்கினார். அந்த மாத்திரை நரம்பைத் தூங்க வைக்கிறது. சாராயமும் தூங்க வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வலி மட்டும் தூங்காது. கால் தூங்கும், அறிவு தூங்கும், கடைசியில் மூச்சை இழுத்துவிடச் சொல்லும் மூளையின் இடமும் தூங்கிப்போகும். நேற்றுச் சாயந்தரம் குடித்தது இன்று காலை மாத்திரையோடு சேராது என்று நினைப்பதும் பிழை, இரண்டுமே உடம்பில் மணிக்கணக்காகத் தங்கும். வயதான உடம்பில் இன்னும் அதிகம் தங்கும். என் கிறுகிறுப்பும் விழுந்ததும் நோய் இல்லை, எச்சரிக்கை. நான் அதைக் கைகொடுக்கிறது என்றேன்.

"அப்ப மாத்திரைய விட்டுர்றேன்" என்றேன்.

"அதையும் உங்கட எண்ணத்துக்கு விடேலாது. திடீரெண்டு நிப்பாட்டினால் அப்பதான் உண்மையான வலிப்பு வரும். நான் சொல்லுற மாதிரிக் குறைச்சு வாங்கோ. குடி மட்டும் ஒரு துளியும் வேண்டாம்."

மருந்து என்று நான் சொல்லி வந்ததை அவர் குடி என்றார்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு வேறு ஆள் போட்டிருந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நான் குடத்தோடு நின்றால் பேச்சு நின்றுவிடும். தவறணைக்குப் போகிற கூட்டம்தான் என்னை விழுந்து விழுந்து உபசரித்தது.

"வாங்க ஆயா! நமக்குப் பக்கத்துல பலகை போட்டு வச்சிருக்கோம்" என்றான் ஒருவன். முன்பு விளக்குமாற்றால் நான் விரட்டியவன்.

"ஒங்கூட உக்காந்து குடிக்கிற அளவுக்கு நான் இன்னும் தாழலடா" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவன் குடித்துவிட்டு யாருடைய பிள்ளை மேலும் விழுந்ததில்லை.

அதைவிட எனக்கு அருவருப்பாக இருந்தது பெண்கள்தான். இருட்டுக்கு முன் ஒருத்தி ஒருத்தியாக வந்து, "நமக்கெல்லாம் அது மருந்துதானே ஆயா, நீங்க ஏன் போயி டாக்டர்கிட்ட ஒளறுனீங்க?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி இடுப்பு நரம்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அவள் வீட்டுக்குப் போய், அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, போத்தலைக் கானில் ஊற்றிவிட்டு வந்தேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். உயிரோடு இருந்துகொண்டுதானே பேசாமல் இருந்தாள்.

சாராயம் இல்லாமல், மாத்திரை குறைந்து குறைந்து, வலி முழு உருவத்தோடு திரும்பி வந்தது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. பழைய வேட்டித் துணியை வழவழப்பாகத் துவைத்து விலாவில் இறுக்கிச் சுற்றினால், உரசல் குறைந்தது. டாக்டர் சொல்லித் தந்தது அது. மாத்திரை நேரத்துக்கு வாத்தியாரின் கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேன். தை பிறந்தபோது ஒரு நாள் மத்தியானம் சேலைத் தலைப்பை இடது பக்கம் செருகியிருந்ததைக் கவனித்தேன். எப்போது செருகினேன் என்று தெரியவில்லை. நோய் போவது அப்படித்தான். சொல்லிக்கொண்டு வருவது போலச் சொல்லிக்கொண்டு போவதில்லை. இன்னும் மழைக்கு முதல் நாள் அந்த இடம் எரியும்.

எந்த மாத்திரையானாலும், டாக்டர் குடிப்பீர்களா என்று கேட்டால் உங்கள் ரோஷத்தை வெளியில் விட்டுவிட்டு உள்ளே போங்கள். மிளகு போட்டது, முட்டை அடித்தது, சாமிக்குப் படைத்தது, பிள்ளைப்பேற்றுக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவருக்கு உங்கள் மானம் தேவையில்லை, அளவுதான் தேவை.

சித்திரை கழிந்து ஒரு காலை, பெரட்டுக்குப் போகும் நேரத்தில், பூமணி என் வாசலில் வந்து நின்றாள். ஒன்பது மாதமாக அந்தப் பக்கம் வராதவள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நின்றது. புது ஆயாவுக்குப் பிள்ளைகளைக் கட்டிலில் கட்டிப்போடும் வழக்கம் என்றாள். பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாயத் தொறங்க ஆயா."

பால் திரிந்திருக்கிறதா என்று பார்ப்பது போல என் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தாள். என்னை அப்படிப் பார்க்க இந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. முன்பானால் கன்னத்தில் அறைந்திருப்பேன். நான் வாயை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து ஊதினேன்.

"சரி" என்றாள். பிள்ளையை என் இடது பக்கத்தில் இறக்கிவிட்டு மலைக்கு ஏறினாள்.

இன்றும் தினம் அப்படித்தான். ஒரு நாளும் மோந்து பார்க்காமல் விட்டதில்லை, நானும் விடச் சொன்னதில்லை. வெட்கம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். ஆனால் வேலைக்கு எழுப்பும் தப்புப் பறை அடிக்குமுன் எழுந்து, வாய் கொப்பளித்துவிட்டு, வாசலில் வந்து நிற்கிறேன். அவள் குனிந்து நிமிரும் வரைக்கும் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறேன். அவள் சரி என்ற பிறகுதான் எனக்கு விடிகிறது.